பங்க்கில் இறங்கியவள்

சிதம்பரத்தில் மச்சான் வீட்டுக் காதுகுத்து முடிந்து, நானும் என் மனைவி கலைமணியும் பைக்கில் கடலூர் திரும்பிக்கொண்டிருந்தோம். பந்திக்கு என்னைக் கூப்பிடவில்லை என்று அவள் தம்பியிடம் சத்தம் போட்டுவிட்டேன். அந்தக் கோபத்தில் அவள் வாயே திறக்கவில்லை.

வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். அவள் இறங்கித் தள்ளிப்போய் நின்றாள். போட்டு முடித்து வண்டியைக் கிளப்பினேன். தோளில் கை விழுந்தது. புறப்பட்டேன்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் எனக்கே பொறுக்கவில்லை.

"சாப்புட வாங்க மாமான்னு உன் தம்பி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? சரி, நானும் ஜாஸ்தியாதான் பேசிட்டேன். உடு."

கை மட்டும் தோளை மெல்ல அழுத்தியது. மனசு லேசாகிவிட்டது.

செம்மங்குப்பம் வரும்போது போன் அடித்தது. ஓரங்கட்டி எடுத்தேன். கலைமணியின் குரல்.

"கோவம்னா இப்புடியா மாமா உட்டுட்டுப் போவ? இன்னும் பங்க்லதான் நிக்கிறேன். வந்து ஏத்திக்கிட்டுப் போ."

மத்தியான வெயில் சுள்ளென்று அடித்தது. தோளில் இருந்த கை அப்படியே இருந்தது.

திரும்பிப் போகலாம். போனால், அவள் உட்கார இடம் இருக்குமா என்றுதான் தெரியவில்லை.