கெர்லிங் தோட்டத்து எட்டுப் போத்தல்கள்

பவனேஷ் தில்லுமுல்லு செய்திருக்கிறான் என்று அவனுடைய சோதனை எண்களைப் பார்த்ததுமே எனக்குத் தோன்றியது. பொறாமை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். இருவரும் ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறோம். ஆய்வகத்தில் கண்டுபிடித்ததை நோயாளியின் கட்டில்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற மருத்துவப் படிப்பு. ஒரே மருந்து நிறுவன வேலைக்கு இருவரும் எழுதிப்போட்டோம். அவனுக்குக் கிடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது, உண்மைதான். அதற்காகக் கண்ணில் பட்டதைக் காணாததுபோல் இருக்க முடியுமா?

அவன் பிறந்த தோட்டம் கெர்லிங் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே லயத்துப் பெண்கள் எட்டுப் பேருக்குச் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தான். மாநாட்டுப் பரிசு, பேராசிரியரின் பாராட்டு, இப்போது வேலை, எல்லாம் அந்த எட்டுப் பேரால் வந்தவை. ஆனால் எட்டுப் பேரின் சிறுநீரிலும் புரதம் ஏறக்குறைய ஒரே அளவு. இருபது வயதுக்காரிக்கும் அறுபது வயதுக்காரிக்கும் ஒரே அளவா? உறைபெட்டியில் மிச்சமிருந்ததை எடுத்து நானே சோதித்தேன். உப்பு, சர்க்கரை, எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. யாரோ ஒருவரின் சிறுநீரை எட்டாகப் பிரித்து வைத்திருக்கிறான், படுபாவி!

பேராசிரியரிடம் போகுமுன் ஆதாரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல், பல்கலைக்கழகம் இருக்கிற புஞ்சாக் ஆலாமிலிருந்து காரை எடுத்தேன்.

லயத்து வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், போன வருடம் பரிசோதனைக்கு யூரின் கொடுத்தீர்களா என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ யாரு? போலீஸா?"

"இல்லக்கா, பவனேஷோட படிக்கிறேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது லா. அவங்கம்மாவப் போய்க் கேளு."

அடுத்த வீட்டுக் கதவு நான் வருவதைப் பார்த்ததும் சாத்திக்கொண்டது. தோட்டமே சேர்ந்து அவனைக் காப்பாற்றுகிறது என்று நினைத்தேன்.

அவன் அம்மா நவமணி கடைசி வீட்டில் இருந்தார். மகனோடு படிப்பவள் என்றதும் முகம் மலர்ந்து, தேநீர் போட எழுந்தார். எழுவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"ஆன்ட்டி, அந்த எட்டுப் பொம்பளைங்களும் நெசமாவே யூரின் குடுத்தாங்களா?"

அவர் முகம் வெளுத்தது. "பவனேஷ் கேட்டுட்டு வரச் சொன்னானா?"

"நான் வந்ததே அவனுக்குத் தெரியாது."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சத்தமாப் பேசாத மா. போத்தல எல்லாம் எங்கிட்ட குடுத்து வாங்கி வைக்கச் சொல்லிட்டு, அவன் ஜெராம் பக்கத்துத் தோட்டத்துல எடுக்கப் போயிட்டான். இங்க ஒருத்தியும் குடுக்கல. யூரின்னா போலீஸு போதைக்கு எடுக்குற டெஸ்ட்டுதானே, எங்க வீட்டுப் பையன மாட்டிவிடப் பாக்குறியான்னு சண்டைக்கு வந்துட்டாளுங்க. புள்ள படிப்பு நின்னுடுமேன்னு பயந்து, எல்லாத்தையும் நானே ரொப்பிட்டேன்."

"எட்டையுமா?"

"எட்டையும்தான். அவனுக்குத் தெரியாது மா. சொல்லிடாத, வேல போயிடும்."

"அவங்கள கிளினிக்குக்குப் போகச் சொல்லியிருப்பானே?"

"போன்ல கத்துனான். அவங்களுக்கு என்ன கேடு? அவங்கதான் குடுக்கவே இல்லையே. நான் போய்ச் சொல்லல."

 ஆய்வு செய்பவரின் வீட்டு ஆட்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. அதனால் இவரை யாருமே சோதித்ததில்லை. குனிந்து அவர் காலைப் பார்த்தேன். கணுக்கால் வீங்கி, செருப்பின் வார் அழுந்திய இடம் பள்ளமாக இருந்தது.

"நின்னுக்கிட்டே இருந்தா வீங்கும் மா," என்று சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வெளியே வந்து பவனேஷை அழைத்தேன்.

"உன் கெர்லிங் சாம்பிள் எட்டும் ஒரே ஆளோடது."

"மாதவி, வேல கெடைக்கலன்னா இப்படியா? நான் எதையும் மாத்தல!"

"நீ மாத்தல. உங்க அம்மா ரொப்பியிருக்காங்க. எட்டும் அவங்களோடது."

 அடுத்து பரிசைப் பற்றித்தான் கேட்பான், வேலையைப் பற்றித்தான் கேட்பான், யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சுவான் என்று காத்திருந்தேன். அந்த நேரத்திலும் அவனைச் சந்தேகப்பட்டேன்.

"அம்மா அங்க இருக்காங்களா?" அவன் குரல் உடைந்திருந்தது. "இன்னிக்கு கிளினிக் தொறந்திருக்காது. உன் கார்லயே ஏத்திக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போ மாதவி. வரமாட்டேன்னு சொல்வாங்க, விடாத. நான் கெளம்பிட்டேன்."