சரியாக ஆயிரம்

என் நாத்தனாருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். அந்த வேலைக்கு உலை வைத்ததும் நான்தான். முதலாவது ஊருக்கே தெரியும்.

புருஷனோடு ஒத்துவராமல் பிரிந்து வந்தவள், ஒன்றரை வருஷமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டிருந்தாள். வீடு சின்னது. என் கணவரின் கடையில் வருவது கடை வாடகைக்கே சரியாகிவிடும். வீடு ஓடுவது என் சம்பளத்தில். காலையில் குளியலறை வாசலில் துண்டோடு காத்து நிற்கும்போதெல்லாம், இவள் எப்போதுதான் கிளம்புவாளோ என்று இருக்கும். அதற்காகத்தான் என் ஆபீஸில் சொல்லிச் சேர்த்துவிட்டேன். ஆறு மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். நிரந்தரமானதும் போய்விடுவதாகச் சொல்லி, பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறையும் பார்த்து வைத்திருந்தாள்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிற மாதிரி எனக்குன்னு ஒரு கதவு அண்ணி. அது போதும்" என்பாள்.

எங்கள் நிறுவனம் மருந்துப் பெட்டிகளை ஊர் ஊராக அனுப்புவது. அந்த வேலையை ஓட்டும் சர்வர்கள் எல்லாம் கிளவுடில், அதாவது வேறொரு நிறுவனத்தின் இடத்தில், வாடகைக்கு ஓடுகின்றன. எந்த சர்வர் எதற்கு, யார் பொறுப்பு, எது நின்றால் எது நிற்கும் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்க ஒரு பதிவேடு உண்டு. சி.எம்.டி.பி. என்போம். பதினோரு வருஷமாக மாதம் நாலு நாள் உட்கார்ந்து அதைக் கையால் சரி செய்தவள் நான். நாத்தனார் வந்து ஐந்தாம் மாதம் ஒரு புரோகிராம் எழுதினாள். அது கிளவுட் நிறுவனத்தின் ஏபிஐயிடம், அதாவது புரோகிராம்கள் கேட்டால் பதில் தரும் வாசலிடம், நேராகக் கேட்டு, சர்வர் பட்டியலை வாங்கி, பதிவேட்டில் தானே ஏற்றிவிடும். என் நாலு நாள் வேலை நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

மீட்டிங்கில் மேனேஜர் என் பக்கம் திரும்பி, "மேடம், வீட்லயே டீச்சர் இருக்காங்க. சாயந்தரம் டியூஷன் போயிடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 

ஒரு திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணி, முந்நூறு சர்வர் வச்சு சோதனை ஓட்டினேன், பிசகாம வந்துச்சு. இப்ப நிஜப் பட்டியலையே இழுத்திருக்கேன். ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்களேன். சரிபார்த்தவர்னு உங்க பேரைப் போடறேன்."

திரையின் அடியில் மொத்தம் 1000 என்று இருந்தது.

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளதை உள்ளபடி எண்ணினால் அத்தனை சுத்தமாக ஆயிரம் வராது. அந்த ஏபிஐ ஒரு தடவைக்கு ஆயிரம்தான் கொடுக்கும். கொடுத்துவிட்டு, கடைசியில் 'இன்னும் இருக்கிறது, அடுத்த பக்கம் கேள்' என்று ஒரு குறிப்பு வைக்கும். இவள் முந்நூறை வைத்துச் சோதித்ததால் அந்தக் குறிப்பை ஒருநாளும் பார்த்ததில்லை. எங்களிடம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் சர்வர்கள். அது எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

விடுபட்டவை சும்மா விடுபடாது. பதிவேட்டில் இருக்கிற, ஆனால் புதுப் பட்டியலில் இல்லாத சர்வரெல்லாம் 'ஓய்வு' என்று தானாக மாறும். மூன்று நாள் கழித்து இன்னொரு குழு அவற்றை அணைத்துவிடும். அந்த விதியை எழுதியதே நான்தான்.

"அடுத்த பக்கம் கேக்கலையேடி" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வாய் வரைக்கும் வந்தது. அப்போது அவள், "இது முடிஞ்சா உங்களுக்கு ரெஸ்ட்டு அண்ணி" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். எனக்கு அது மேனேஜரின் சிரிப்பாகக் கேட்டது.

"அழகா இருக்கு. ஏத்திடு" என்றேன்.

"உங்க பேரு?"

"எதுக்கு? உழைச்சது நீ. பேரும் உனக்கே வரட்டும்."

அவள் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். நான் டிபன் டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டேன்.

அவள் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று ஒன்றரை வருஷம் வேண்டிக்கொண்டவள் நான். அந்த வேலை நிலைத்தால்தான் போவாள். தெரிந்தும் செய்தேன். எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? போகட்டும், ஆனால் ஜெயித்துவிட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான் என் எண்ணம்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அறுநூற்றுச் சொச்சம் சர்வர்களும் அணைந்தன. கிடங்குகளில் பெட்டிகளை ஸ்கேன் செய்ய முடியவில்லை. லாரிகள் வாசலிலேயே நின்றன. எங்கள் மாடியில் அத்தனை போனும் ஒரே நேரத்தில் அலறின. திரும்ப எல்லாம் ஓட ஆரம்பிக்க மாலை ஆகிவிட்டது.

மறுநாள் கண்ணாடி அறையில் விசாரணை. மேனேஜர் கேட்டார்: "இதை ஏத்தறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். என் கண் தானாகக் கீழே போனது.

"இல்ல சார். நானேதான் பார்த்தேன்."

அன்றே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரம் அந்த மாடி அறைக்கு வேறு யாரோ குடிவந்தார்கள்.

புரோகிராமைத் திருத்தச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். நாலு வரி சேர்த்தேன். மேனேஜர் எல்லார் முன்னாலும், "அனுபவம்னா அனுபவம்தான்" என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கணவர் இன்னும் கடையிலிருந்து வரவில்லை. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"இப்ப எத்தனை வந்துச்சு அண்ணி?"

"ஆயிரத்து அறுநூத்தி முப்பத்தெட்டு."

"அன்னைக்கு ஆயிரத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு, இல்ல?"

நான் டிபன் டப்பாவை எடுத்துத் தொட்டியில் வைத்தேன். குழாயை மூடினாள்.

"வீட்ல உக்காந்து யோசிச்சப்பதான் புரிஞ்சுது. பதினோரு வருஷம் கையால எழுதினவங்களுக்குத் தெரியாமலா போகும்? அங்கேயே புரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். உங்க வேலையும் போயிட்டா அண்ணன் என்ன பண்ணுவான்? நான் எங்க போய்ப் படுப்பேன்?"

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அழுதிருந்தால் தேற்றுவதுபோல நடித்திருப்பேன். இவள் எனக்குப் பிச்சை போட்டுவிட்டு நின்றாள்.  மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது, எனக்குத் தெரியும். கேட்டால் வாழ்நாள் முழுக்க அவளுக்குக் கீழே நிற்க வேண்டும்.

"அடுப்பு மேல எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கு. நல்லா அழுத்தித் துடை" என்றேன்.

அவள் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு துணியை எடுத்துத் துடைத்தாள். இப்போதெல்லாம் நான் சொல்ல வேண்டியதே இல்லை, தினமும் அவளே துடைத்துவிடுகிறாள்.