ஐயாயிரத்து நானூறு கட்டை

...எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் என்றால் கட்டைக் கணக்கில், மைலைத்தான் நாங்கள் கட்டை என்போம், ஐயாயிரத்து நானூறு, லோரி ஓட்டும் சுகுமாரன்தான் போனில் தட்டிப் பார்த்துச் சொன்னான், கோலாலம்பூரிலிருந்து ஆக்லாந்துக்கு, பிளேனுக்குப் பத்து மணி நேரமாம், இருக்கட்டும், எனக்குக் கட்டை என்றால்தான் காலுக்குத் தெரியும், புக்கிட் ரோத்தான் இங்கிருந்து மூன்று கட்டை, மகள் லோகேஸ்வரியைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தமிழ்ப்பள்ளிக்கு மிதித்த தூரம், ஆறு வருஷம் போக வர மிதித்ததைக் கூட்டினால் ஆக்லாந்தை எப்போதோ தாண்டியிருப்பேனே, பிறகு ஏன் இன்னும் போய்ச் சேரவில்லை... கழுத்து வலிக்கிறது, காலையிலிருந்து அண்ணாந்து குலை வெட்டியது, இந்த நிரையில் எண்ணெய் பிழியும் செம்பனை எல்லாம் கிழட்டு மரம், என்னை மாதிரி, ஆனால் உயரம். தள்ளுவண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்து போனில் மகள் எழுதியதை மறுபடி எடுத்தேன். "இந்தத் தீபாவளிக்கு வரலலாப்பா." அவள் ஆக்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போன பிறகுதான் நான் எழுத்துப் படித்தேன், ஐம்பத்திரண்டு வயதில், கோவில் மண்டபத்தில், அவள் எழுதுவதை இன்னொருவர் வாயால் கேட்கக் கூடாது என்று. வரலாம்ப்பா என்று எழுத வந்திருக்கிறாள், ஒரு 'ல' கூடிப்போய் ஒரு 'ம்' விட்டுப்போயிருக்கிறது, ஆறு வருஷத்தில் தமிழ் மறந்துவிட்டது பிள்ளைக்கு, பாவம். நான் ஒரே எழுத்தில் பதில் போட்டேன், "வா". அவள் படித்துவிட்டதற்கு நீலக் கோடு விழுந்து இரண்டு நாள், பதில் இல்லை, டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பாள். என் மனைவி கங்கா அன்றைக்கே மகளின் மெத்தையை இழுத்து வெயிலில் போட்டுவிட்டாள்.

லோரி வந்து நின்றது. "என்னாண்ணே, வானத்தயே பாக்குறீங்க, மக பாராசூட்டுல குதிக்கப் போவுதா?" சுகுமாரன் படித்தது மலாய்ப் பள்ளி, தமிழ் பேசுவான், எழுத்துத் தெரியாது, இல்லாவிட்டால் அவனிடம் காட்டியிருப்பேன். "தேதி மட்டும் சொல்லுங்க, ஏர்போர்ட்டுக்கு நானே வரேன். லோரிலதான். முன்னால நீங்களும் அக்காவும், பின்னால பழத்தோட மக." சிரித்தேன், எழுந்து லோரியில் குலை ஏற்றிக்கொண்டே அந்தப் பக்கம் மழை வந்துட்டுதா என்று கேட்டேன்.

"இன்னும் வரல லா, அண்ணே."

வரல லா. குலையைத் தூக்கிய கை அப்படியே நின்றது, முள் உள்ளங்கையில் ஏறியது, வரல லா, வரல லாப்பா... அவள் ஒன்றையும் மறக்கவில்லை, ஒரு எழுத்துக்கூடக் கூடவில்லை குறையவில்லை, பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறாள், ஐயாயிரத்து நானூறு கட்டை தள்ளிப் போயும் எங்கள் ஊர்ப் பேச்சில் வாலாய் ஒட்டும் அந்த லா அவள் வாயில் இருக்கிறது. வரவில்லை என்றவளுக்கு அப்பா வா என்று எழுதியிருக்கிறார், அதைப் படித்துவிட்டா இரண்டு நாளாகப் பேசாமல் இருக்கிறாள், என்ன பதில் போடுவாள் பாவம், கங்காவிடம் என்ன சொல்ல, மெத்தையை எப்படி உள்ளே எடுக்கச் சொல்ல... கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அந்த 'வா'வை அழிக்கலாம் என்று விரலை அதன் மேல் வைத்தேன். ஒவ்வொரு வருஷமும் அவள் வரவில்லை என்பாள், நான் பரவாயில்லம்மா, உடம்பப் பாத்துக்க என்பேன். சரியாகப் படித்திருந்தால் இந்த வருஷமும் அதைத்தான் எழுதியிருப்பேன். வா என்று அவளிடம் நான் இதுவரை சொன்னதே இல்லையா...

சுகுமாரன் ஹார்ன் அடித்தான். விரல் இன்னும் அதன் மேலேயே இருந்தது.