யாரும் சாப்பிடாத சாப்பாட்டு அறை

மார்னி வீட்டுச் சாப்பாட்டு அறையில் யாரும் சாப்பிடுவதில்லை. சாப்பாடெல்லாம் சமையலறை மேடையில், உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, டி.வி.யைப் பார்த்தபடியே நடந்துவிடும். வாசலில் நுழைந்ததும் வலது பக்கம், வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வருகிற இடத்தில், பன்னிரண்டு பேர் உட்காரும் ஓக் மேசையும் தங்க விளிம்பு வைத்த பீங்கான் தட்டுகளும் வருஷத்தில் ஒரே ஒரு நாளுக்காக, நவம்பரில் வான்கோழி வைக்கிற தேங்க்ஸ்கிவிங் நாளுக்காக, தவம் கிடந்தன. அந்தத் தட்டுகளைப் பாத்திரம் கழுவுகிற மெஷினில் போடக் கூடாது. அதனால் அன்றைக்கும் எல்லாரும் காகிதத் தட்டில்தான் சாப்பிட்டார்கள்.

இதைப் பற்றி மார்னிக்கு வெட்கம் உண்டு. வெட்கம் வந்தால் சும்மா இருக்கிற ரகமில்லை அவள். உடனே ஒரு திட்டம் போட்டுவிடுவாள். முதலில் அந்த அறை உடற்பயிற்சிக் கூடமாயிற்று. டிரெட்மில்லின் மேல் ஈரத் துணி அருமையாகக் காய்ந்தது. அடுத்து வீட்டு அலுவலகமாயிற்று. மார்னி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். பல்வலிக்காரர்கள் தன் வீடு தேடி வரப்போவதில்லை என்பது, கம்ப்யூட்டர் மேசை வாங்கிப் பொருத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதற்கப்புறம் மினசோட்டாக் குளிரிலிருந்து ஜெரேனியம் செடிகளைக் காப்பாற்றும் கண்ணாடி வீடு. வெளியே விட்டிருந்தால் ஒரே பனியில் நிம்மதியாகப் போயிருக்கும். மார்னியின் கவனிப்பில் பிப்ரவரி வரை இழுத்துப் பறித்துக்கொண்டு கிடந்து செத்தன.

நவம்பர் வந்தால் எல்லாம் கராஜுக்குப் போகும், மேசை நடுவுக்கு வரும். கராஜில் கார் நிற்க இடமில்லாமல் போனதுதான் கண்ட பலன். இந்த வருஷத் திட்டம் நூலகம். வருஷத்துக்கு இரண்டு புத்தகம் எடுத்து இரண்டாவதைப் பாதியில் விடுகிறவள், சுவர் நீளத்துக்கு அலமாரி வரவழைத்திருந்தாள். பெட்டி பிரிக்கப்படாமல் கிடந்த நேரத்தில்தான் மாமனார் ஆர்விட் மாடிப்படியில் விழுந்தார்.

ஆர்விட், மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு சிற்றூரில் தனியாக இருந்தார். படுக்கை, குளியல் எல்லாம் மாடியில். இடுப்பு இனிமேல் படி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பனிக்காலத்துக்கு முன்னால் ஒன்று அந்த ஊரிலேயே இருக்கிற முதியோர் இல்லம், இல்லாவிட்டால் மகன் வீடு. மகன் வீட்டில் கீழே கட்டில் போட முடிகிற ஒரே அறை எது என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மார்னியின் கணவன் கிளென் ஒருநாள் சாப்பாட்டு அறை வாசலில் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றான்.

"இங்க வெளிச்சம் நல்லா வருதுல்ல," என்றான். போய்விட்டான்.

கிளெனைப் பொறுத்தவரை அது ஒரு மேடைப் பேச்சு. மார்னிக்கு முழுசும் புரிந்தது. புரியாத மாதிரி அலமாரிப் பெட்டியின் மேல் தூசி தட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆர்விட்டைப் பார்க்கப் போனார்கள். அந்தப் பக்கத்து மனிதர்கள் எதையும் சட்டென்று வாங்கிக்கொள்ள மாட்டார்கள். முதல் தடவை கேட்பது மரியாதைக்கு, மறுக்க வேண்டும். இரண்டாவது தடவை கேட்பது உபசாரத்துக்கு. அதையும் மறுக்க வேண்டும். மூன்றாவதாகக் கேட்டால்தான் நிஜமாகக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அதை மறுத்தால் முகத்தில் அடித்த மாதிரி. ஒரு துண்டு கேக்கானாலும் சரி, மிச்சமுள்ள ஆயுளானாலும் சரி, முறை ஒன்றுதான்.

"மாமா, நீங்க எங்களோட வந்து இருந்துடலாமே," என்றாள் மார்னி.

"அதெல்லாம் வேண்டாம்மா. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு."

"தொந்தரவு என்ன மாமா. அந்த ரூம் சும்மாதானே கிடக்கு."

"சும்மா கிடக்கட்டும். அழகா வச்சிருக்க. அதைப் போய்க் கலைச்சுக்கிட்டு."

இப்போது மூன்றாவது. கிளென் சன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்விட் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்னி தட்டிலிருந்த எலுமிச்சைக் கேக்கில் ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள். அந்தத் துண்டை அவ்வளவு நேரம் மெல்ல வேண்டிய அவசியமே இல்லை, அது வாயில் வைத்ததும் கரைகிற கேக்.

"அப்ப சரி," என்றார் ஆர்விட். "இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தட்டா?"

திரும்பி வரும் வழி முழுக்கக் கிளென் பேசவில்லை. எப்போதுமே பேசாதவன் கோபமாக இருக்கிறானா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு மணி நேரம் மார்னி அவன் காதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். காது சிவந்திருந்தது. ஹீட்டராலும் இருக்கலாம்.

ஒரு கிழவரைத் தெருவில் விட்டுவிட்டு மேசையைக் காப்பாற்றியவள் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அப்புறம் தனக்காகத் தானே வாதாடினாள். அறையை உபயோகிக்காததுதானே குற்றம்? உபயோகித்துவிட்டால் போயிற்று. செவ்வாய்க்கிழமை மேசை விரிப்பைப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, தங்க விளிம்புத் தட்டுகளை எடுத்து வைத்தாள். அதில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஓவனில் வேக வைத்த வழக்கமான ஹாட்டிஷைப் பரிமாறினாள்.

கிளென் வந்து பார்த்தான். "யாரு வராங்க?"

"யாரும் வரல. நாமதான். இனிமே இங்கதான் சாப்பிடப் போறோம்."

மேசைக்கு அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் இவள். அதுதான் முறை என்று நினைத்தாள். உப்பு நடுவில் இருந்தது, இருவருக்கும் எட்டவில்லை. அடுத்த அறையில் டி.வி. ஓடாததால் மெல்லுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கிளென் மெல்லும்போது தாடை 'டக்' என்று ஒரு சத்தம் போடும் என்பது அவளுக்குத் தெரியாது.

"நல்லாருக்கு," என்றான் கிளென் கடைசியில். பிறகு தட்டைப் பார்த்தபடி, "அப்பா அந்த இல்லத்துல ரூம் சொல்லிட்டாராம். வர்ற வாரம் போறாரு," என்றான்.

மார்னி அறையைச் சுற்றிப் பார்த்தாள். துணி காயப்போட இடம் கொடுத்தாயிற்று, செடி சாவதற்கு இடம் கொடுத்தாயிற்று, படிக்காத புத்தகத்துக்கு இடம் ஒதுக்கியாயிற்று. ஒரு மனிதரைத்தான் கேக்கை மென்று விரட்டியிருக்கிறாள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுத் தனியாகக் காரை எடுத்தாள். வழியெல்லாம் ஒத்திகை. ஆர்விட் கதவைத் திறந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டாள்.

"மாமா, எங்க வீட்டுக்கு வந்துடுங்க. அந்த மேசையைத் தூக்கிப் போட்டுடறேன். நிஜமாத்தான் சொல்றேன்."

ஆர்விட்டின் முகம் வெளுத்தது. கைத்தடியை மாற்றிப் பிடித்தார். "நீ இவ்வளவு தூரம் வந்து சொல்றப்போ... சரிம்மா. அப்படியே ஆகட்டும்," என்றார். சிரிக்கவும் செய்தார்.

அந்தச் சிரிப்பு மார்னிக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. வரவேற்பு மேசைக்கு எதிர் நாற்காலியில், பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள் "எனக்கென்ன, ஒண்ணுமில்ல" என்று அப்படித்தான் சிரிப்பார்கள். அவள் தியாகம் செய்ய வந்திருந்தாள். தியாகத்தை வாங்கிக்கொள்ள வேண்டியவருக்கு அது வேண்டியிருக்கிறதா என்று கேட்கத் தோன்றவே இல்லை.

"மாமா, உங்களுக்கு எங்க இருக்கணும்னு ஆசை?"

ஆர்விட் திடுக்கிட்டுப் போனார். அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"எங்க இருந்தாலும் எனக்கு..."

"மரியாதையெல்லாம் அப்புறம். எங்க?"

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அந்த இல்லத்துலதான்," என்றார். "எட்டு பேரு ஒரு மேசை. ஃபெர்னு எனக்குப் பக்கத்துல எடம் புடிச்சு வச்சிருக்கா, சீட்டாட்டத்துல ஏமாத்துற பொம்பள. ஒருத்தனுக்குக் காது கேக்காது, அதனால எல்லாரும் கத்துறாங்க. நாலு வருஷமா நான் பாத்திரம் கழுவுற தொட்டிக்கிட்ட நின்னுக்கிட்டே தின்னுட்டிருக்கேன், மார்னி. போன ஞாயித்துக்கெழமை மூணாவது தடவை கேட்டுடுவியோன்னு எனக்கு உயிரே இல்ல. நீ கேக்கை எடுத்து வாயில போட்டியே, அப்பத்தான் போன உயிர் வந்துச்சு. நல்ல பொண்ணுன்னு நெனச்சேன்."

மார்னி கோட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அசடு வழிந்தது. அதோடு கொஞ்சம் வலிக்கவும் செய்தது. தான் செய்த ஒரே நல்ல காரியத்தைச் சுயநலத்தில் செய்திருக்கிறாள். நல்ல மனசோடு செய்யக் கிளம்பியதும் கிழவருக்கு உயிர் போயிற்று. ஒரு அறையை வைத்துக்கொண்டு அவள் என்னவெல்லாம் நினைத்துவிட்டாள். அந்த அறை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

"அப்ப நீங்க அங்கயே போங்க மாமா," என்றாள். "கிளென்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

ஆர்விட் எழுந்து காப்பி போட்டார். தடி இல்லாமலே இரண்டு அடி நடந்தார். "தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு அங்க பெரிய சாப்பாடு," என்றார். "சொந்தக்காரங்க வரலாம். நீங்க ரெண்டு பேரும் வாங்களேன்."

"ஐயோ, வேண்டாம் மாமா. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு," என்றாள் மார்னி, பழக்கத்தில், யோசிக்காமலே. சொல்லிவிட்டு இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தாள்.

"சரிம்மா," என்றார் ஆர்விட். ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் மனிதர்கள் சொல்வதை அப்படியே நம்பலாம் என்று அவர் கற்றுக்கொண்டிருந்தார். காப்பியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு ஃபெர்ன் சீட்டை எப்படி ஒளித்து வைப்பாள் என்று சொல்ல ஆரம்பித்தார்.

மார்னி காத்திருந்தாள். கோப்பை பாதியாயிற்று. அவர் மறுபடி கேட்கவில்லை, கேட்கப்போகிறவராகவும் தெரியவில்லை. நவம்பரில் அந்தப் பன்னிரண்டு பேர் மேசையில் அந்தக் கோடியில் கிளெனும் இந்தக் கோடியில் தானுமாக, நடுவில் ஒரு வான்கோழியோடு உட்கார்ந்திருப்பது அவளுக்குக் கண்ணில் தெரிந்தது.

"மாமா," என்றாள். முகம் சூடேறியது. பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை அது. "எனக்கு வரணும். எனக்கு அங்க வந்து சாப்பிடணும்."