எடை மேடையில் சொன்னது

பதினெட்டாயிரத்து நானூறு... அதில் ஒரு பைசா இன்னும் திருப்பவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இவளுக்கு அப்படி ஒரு கடன் இருப்பதே தெரியாது, தெரிந்தால் இப்படி ஜன்னல் கம்பியில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி வேடிக்கை பார்ப்பாளா, பார்த்தாலும் பார்ப்பாள், இவளை யார் கண்டது. லீவு நாள் காலை, பஸ் பாதிக்கு மேல் காலி, டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற இரட்டை சீட்டு கிடைத்துவிட்டது, அது கிடைத்தால் அன்றைய பொழுது நன்றாகப் போகும் என்பது இவள் கணக்கு. மடியில் சாப்பாட்டுப் பை. கல்யாணமான புதிதில் கையில் ஒன்றும் இல்லாமல் ஆரம்பித்தது இந்தப் பழக்கம், ஆளுக்கு ஒரு நாள் பாஸ் எடுப்பது, முதலில் எந்த பஸ் வருகிறதோ அதில் ஏறுவது, எங்கே போகிறது என்று கேட்கக் கூடாது, கடைசி நிறுத்தம் வரை இறங்கக் கூடாது, அங்கே ஒரு நிழல் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வேறு பஸ் பிடித்துத் திரும்புவது. ஊரைச் சுற்றி நாங்கள் பார்க்காத கடைசி நிறுத்தம் இல்லை, செங்கல் சூளைக்கு எதிரே ஒன்று, ஏரிக்கரையில் ஒன்று, ஒன்றுமே இல்லாத இடத்தில் சும்மா நாலு மரம், ஒரு குழாய், குழாயடியில் முகம் கழுவுகிற கண்டக்டர்கள். எனக்கு எழுத்து வந்ததே நாற்பதுக்கு மேல், அதுவும் இந்த சீட்டில்தான், எதிரே வருகிற பஸ்ஸின் போர்டை இவள் வாசிக்க வாசிக்க நான் பின்னாலேயே முணுமுணுத்து... மற்றவர்கள் முதலில் தங்கள் பெயரை எழுதப் படிப்பார்களாம், நான் முதலில் படித்த வார்த்தை 'வழி'. இதெல்லாம் நன்றாகத்தானே இருந்தது? நன்றாக இருந்ததைக் கெடுத்தது யார், நான்தானே.

நான் மட்டுமா, சகலையும்தான். இவள் தங்கச்சியின் புருஷன், கார் விற்கிற கம்பெனியில் இருக்கிறவன், கெட்டவன் என்று சொல்ல முடியாது, ஆனால் வருஷத்துக்கு ஒரு தரம் எங்கேயாவது பறந்து போய்விட்டு வந்து போனை ஆள் ஆளாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்வான், நீல நிறத் தண்ணீர், தண்ணீருக்கு மேலே வீடு, அந்த வீட்டுக்குள்ளிருந்து காலைத் தொங்கப் போட்டபடி இவள் தங்கச்சி. அன்றைக்கு அவர்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது கேட்டான், சகலை, இந்த வருஷம் நீங்க எங்க? இவள் முந்திக்கொண்டு சொன்னாள், நாங்க மாசம் தவறாம போறோமே, போன வாரம் கூட ஏரிக்கரை பஸ்ல போனோம், காத்து என்ன காத்து! அவன் சிரிக்கவில்லை, மெதுவாக, பாசமாகத்தான் சொன்னான், "அதுக்குப் பேரு டூரா அண்ணி? அப்படிப் பார்த்தா கண்டக்டர்தான் வருஷம் முழுக்க டூர்ல இருக்காரு." மாமியார் சிரித்தார், குழந்தைகள் சிரித்தார்கள், இவளும்தான் சிரித்தாள், வாய்விட்டு. நான் மட்டும் போனில் இருந்த நீலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் என் வாய் சொல்லிவிட்டது, அடுத்த மாசம் நாங்களும் கடற்கரை ஹோட்டலுக்குப் போறோம், ரூம் போட்டாச்சு. எந்த ஹோட்டல் என்று கேட்டான். எனக்கு ஒரே ஒரு ஹோட்டல் பெயர்தான் தெரியும், அதுவும் அங்கே டைல்ஸ் இறக்கப் போனதால். அதைச் சொன்னேன். சகலையின் புருவம் மேலே போனது, அந்தப் புருவம் மேலே போனதில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அந்த சந்தோஷத்துக்கு விலைதான் பதினெட்டாயிரத்து நானூறு.

பஸ் மேம்பாலம் ஏறுகிறது. மூச்சு வாங்குகிறது, சுமை ஏற்றிய ஆள் மாதிரி... எங்கள் குடோனில் ஒரு வழக்கம் உண்டு, ஒவ்வொரு லாரி இறக்கியதும் ஒவ்வொருவனும் கூலியில் கொஞ்சம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும், விழுந்தவன் டப்பா என்று பெயர், மூட்டை சரிந்து விழுந்தவன், முதுகு பிடித்து விழுந்தவன், வீட்டில் ஆள் விழுந்தவன், யாருக்கு வேண்டுமானாலும் அதிலிருந்து எடுக்கலாம், பிறகு கூலியிலிருந்து திருப்பிப் போட்டால் போதும், ஆனால் எடுக்கிறவன் எடை மேடை மேல் ஏறி நின்று எல்லோரும் கேட்கக் காரணத்தைச் சொல்ல வேண்டும். முள் பார்த்துக்கிட்டிருக்கும்டா, என்பார் மேஸ்திரி. இத்தனை வருஷத்தில் அந்த மேடையில் நின்று ஒருத்தன் பொய் சொன்னதில்லை, எங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று இல்லை, லாரிக்காரனிடம் சொல்வோம், முதலாளியிடம் சொல்வோம், அந்த மேடையில் மட்டும் சொல்ல மாட்டோம். நான் ஏறினேன். என் எடையை முள் காட்டியது, நான் சொன்னேன், பொண்டாட்டிக்கு வயித்துல கட்டி, வெளியூர்ல ஆபரேஷன். எப்படி வந்தது அந்த வார்த்தை, நான் யோசித்து வைத்துக்கொண்டு போனது வேறு, கூரை ஒழுகுது என்றுதான் சொல்ல நினைத்தேன், ஆனால் கூரைக்கு அவ்வளவு தர மாட்டார்களே. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மேஸ்திரி டப்பாவைத் திறந்து எண்ணாமல் அப்படியே என் துண்டில் கவிழ்த்தார், நான்தான் எண்ணிக் கணக்கு நோட்டில் எழுதினேன், குடலிறக்கத்துக்குப் பட்டை கட்டிக்கொண்டு மூட்டை தூக்குகிற பெரியவர் பக்கத்தில் வந்து, என் ஆபரேஷன் ஒண்ணும் ஓடிப்போயிடாது, நீ முதல்ல அந்தப் புள்ளயப் பாரு என்றார். அன்றையிலிருந்து இவள் ராத்திரி புரண்டு படுத்து வயிற்றைப் பிடித்தால் நான் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்க்கிறேன், வாய் முகூர்த்தம் என்று ஒன்று உண்டே, சொன்னது பலித்துவிட்டால்?

இவளிடம் சொன்னது வேறு பொய், சேர்த்து வைத்தது என்று. எதற்கு இவ்வளவு என்று ஒரே ஒரு தரம் கேட்டாள், பிறகு பெட்டி இரவல் வாங்கப் போய்விட்டாள். போன முதல் நாளே... அதை நினைக்கவே கூடாது என்று தினமும் நினைக்கிறேன். ஹோட்டல் வாசலில் ஒரு கார் வந்து நின்றது, ஒரு பெரிய மனிதர் இறங்கி, இரண்டு பெட்டியைக் கீழே வைத்து, என் பக்கம் பார்த்து விரலைச் சொடுக்கினார், அவ்வளவுதான். நான் யோசிக்கவே இல்லை. கண் முன்னால் சுமையை வைத்தால் குனிகிற முதுகு இது, குனிந்துவிட்டது. ஒன்றைத் தோளில் ஏற்றி, ஒன்றைக் கையில் பிடித்து, படி ஏறி, அவர் அறை வாசலில் வைத்துவிட்டு நின்றேன், அவர் ஒரு நோட்டை நீட்டினார், வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். வாங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது நானும் அங்கே காசு கொடுத்துத் தங்க வந்தவன் என்று. திரும்பினால் மாடிப்படியின் கீழே இவள். மீன் தொட்டியை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவே இல்லை, அதனால்தான் அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. இரண்டு ராத்திரியும் அந்த மெத்தையில் எனக்குத் தூக்கம் வரவில்லை, தரையில் படுத்தேன், காலையில் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணுக்கு வேலை வைக்கக் கூடாதென்று இவளே பெருக்கி வைத்துவிட்டாள். ஊருக்கு வந்ததும் தங்கச்சிக்குப் போன் போட்டு, ரூம் ரொம்ப நல்லா இருந்துச்சுடி, கண்ணைத் திறந்தா கடல்தான் என்றாள். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துகிற இடம்தான் தெரியும். குடோனில் என் முகம் கறுத்திருப்பதைப் பார்த்துக் கேட்டார்கள், ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் துணி காயப் போட்டேன் என்றேன்.

"அண்ணி! நீங்களா? யாரு உங்கள எழுந்து நடக்கச் சொன்னது!"

கட்டை, நாங்கள் வைத்த பட்டப்பெயர். எங்கள் குடோன் செட்டிலேயே குள்ளம், எங்கள் செட்டிலேயே பெரிய வாய், மார்க்கெட் நிறுத்தத்தில் ஏறியிருக்கிறான், கையில் மகனுக்கு வாங்கிய செருப்பு டப்பா, நேராக வந்து எங்கள் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், என் காதில் பஸ் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. "கட்டி எடுத்த உடம்பு, இந்த பஸ்ஸு குலுக்குற குலுக்குல தையல் பிரிஞ்சா என்ன ஆவறது? அண்ணே, உனக்கு அறிவு இருக்கா?" இவள் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம் இல்லை, சில்லறை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற அளவு நேரம். எனக்கு ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல... என்ன கட்டி, என்று கேட்கப் போகிறாள், கேட்டால் இவன் நாளைக்குக் குடோன் முழுக்கச் சொல்வான், நாளைக்கு நான் எந்த மூஞ்சியோடு மூட்டைக்கு முதுகு கொடுப்பேன். இவள் சாப்பாட்டுப் பையைக் கொஞ்சம் நகர்த்தினாள். கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப பரவாயில்ல தம்பி. டாக்டர்தான் கொஞ்சம் காத்து வாங்கச் சொன்னாரு."

"அதான பார்த்தேன்! கனம் எதுவும் தூக்காதீங்க அண்ணி, கனம் தூக்கத்தான் நாங்க இத்தனை மாடு இருக்கோமே." அவன் என் பக்கம் குனிந்தான், ரகசியம் சொல்கிறானாம், பஸ் முழுக்கக் கேட்கிறது. "அண்ணே, மேஸ்திரி நாளைக்குச் சொல்றேன்னாரு, எனக்கு வயித்துல நிக்காது, உனக்கே தெரியும். அந்தப் பதினெட்டாயிரத்து நானூறு இருக்குல்ல, அதைத் தர வேணாம். நேத்து நீ போனப்புறம் எல்லாரையும் கூப்புட்டுக் கேட்டாரு, அவனா உக்காந்து தின்னான், பொம்பளப் புள்ள உசுருக்குத்தானே போச்சுன்னு. முதல்ல கையத் தூக்கினது பெரியவருதான். கணக்க அடிச்சாச்சு." என் தோளில் ஓங்கி ஒரு அடி. "மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? சிரிண்ணே!"

சிரித்தேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கீழே நின்று இவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். பிறகு வீடுகள் குறைந்தன, மரங்கள் வந்தன, இவள் பழையபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியவர் எந்தக் கையைத் தூக்கியிருப்பார், பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதானே அவர் நிற்பது... திருப்பித் தந்துவிடலாம், கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக, வேண்டாம் என்று தள்ளிய பணத்தை எப்படித் தருவது, ஏன்டா தர்றே என்று கேட்பார்களே, கேட்டால் மறுபடி அந்த மேடையில்தானே ஏற வேண்டும். ஏறுவேனா? இன்றைக்கு நினைத்தால் ஏறிவிடுவேன் போலத்தான் இருக்கிறது, நாளைக் காலை லாரி வந்து நிற்கும்போது?

கடைசி நிறுத்தம். டிரைவர் இஞ்சினை அணைத்ததும் எல்லாம் அமைதியாகிவிட்டது. ஒரு வேப்ப மரம், அதைச் சுற்றி சிமென்ட் மேடை, இவள் மேடையைக் கையால் தட்டிவிட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள், என் பங்கை எடுத்து மூடியில் வைத்தாள், எப்போதும் போலக் கொஞ்சம் கூடுதலாக. திட்டினால் தேவலை, அழுதால் தேவலை. சாப்பிடத் தொடங்கிய பிறகு, உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்:

"எந்தப் பக்கம்னு சொன்னீங்க?"

"என்ன?"

"கட்டி. வலது பக்கமா, இடது பக்கமா? அவங்க வீட்டுப் பொம்பளைங்க யாராச்சும் கேட்பாங்க. நான் ஒண்ணு சொல்லி நீங்க ஒண்ணு சொன்னா அசிங்கம்."

நான் பக்கம் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை, கட்டி என்றேன், நம்பிவிட்டார்கள். அதைச் சொன்னேன். சரி, இடதுன்னு வச்சுக்கறேன், என்றாள், அவ்வளவுதான், வாயில் சோற்றோடு நிமிர்ந்து மரத்தைப் பார்த்து, நல்ல நிழல்ல, என்றாள். அதே குரல். கட்டையிடம் பரவாயில்லை என்று சொன்ன குரல், கண்ணைத் திறந்தால் கடல் என்று தங்கச்சியிடம் சொன்ன குரல், இத்தனை வருஷமாக ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும் எனக்கு இதுவே போதும் என்று சொல்லிக்கொண்டு வந்த குரல்... எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. உனக்கு இந்த பஸ்ஸெல்லாம் நிஜமாகவே பிடிக்குமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் பிடிக்கும் என்றுதான் சொல்வாள், இதே குரலில். இன்றோடு நான் யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை, மூடியில் அவள் வைத்த சோறு அப்படியே இருக்கிறது, சாப்பிடுங்க, ஆறுது, என்கிறாள்.