ஈசான மூலைத் தகடு

என் வீட்டுக்காரர் யோகேந்திரனுக்கு மண்ணுக்கு மேலே இருக்கும் எதுவும் கண்ணில் படாது. ஃபிரிட்ஜின் முன்தட்டில் இருக்கும் தயிரை எங்கே, எங்கே என்று கேட்பார். மண்ணுக்குள் கிடக்கிற சோடா மூடி மட்டும் தெரியும். எல்லாம் அந்தக் கருவி வந்த பிறகுதான்.

2004இல் அவருக்கு மாரடைப்பு வந்தது. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த மனிதர் பெட்டியோடு சரிந்துவிட்டார். பிழைத்ததே பெரிய காரியம். தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். இவருக்குச் சும்மா நடக்க வெட்கமாம்.

"விசரன் மாதிரி ரோட்டிலை சுத்தச் சொல்லுறீரோ?" என்று மூன்று வருடம் கதிரையை விட்டு எழும்பவில்லை.

பிறகு யாரோ பழசாக விற்ற உலோகம் தேடும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எங்கள் ரொக்ஸ்பரோப் பக்கத்துப் பூங்காக்களை எல்லாம் தடவத் தொடங்கினார். இப்போது விசரன் மாதிரி இல்லையாம்.

கண்டெடுத்ததை எல்லாம் ஒரு கொப்பியில் பதிவார். இலக்கம், திகதி, இடம், ஆழம், உலோகம், காலம், அடையாளம். பியர் மூடிக்கு, "விளிம்பு மடிந்த வட்டத் தகடு, காலம் ஆராயப்பட வேண்டும்" என்று எழுதியிருந்தார். கலியாண நாளை மறக்கிற மனிதர், அந்த மூடி எத்தனை அங்குலத்தில் கிடந்தது என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் பிள்ளைகளின் உதைபந்தாட்டம் நடந்தது. போக இடமில்லாமல் எங்கள் பின்வளவையே தடவியிருக்கிறார். நான் கறி பிரட்டிக்கொண்டிருந்தேன்.

"ஜெகதீஸ்! ஓடி வாரும்! இந்த நாட்டுப் பூர்வகுடியளின்ரை சாமான்!"

ஓடிப்போனேன். வளவின் வடகிழக்கு மூலையில் என் தக்காளிக் கன்று பிடுங்கிக் கிடந்தது. அவரின் ஒரு கையில் துருவேறிய நீளக் கைப்பிடி இரும்பு ஒன்று. மற்றக் கையில் சுண்டுவிரல் அளவில் பச்சை பிடித்த செப்புச் சுருள்.

ஐயோ, அதைப் புதைத்ததே நான்தான்! இவர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தபோது கோயில் ஐயரிடம் போய் அழுதேன். அவர் ஒரு செப்புத் தகட்டில் எழுதிச் சுருட்டித் தந்தார். வீட்டின் ஈசான மூலையில் தாட்டுவிடு, பிறகு வெளியே எடுக்கக் கூடாது, வெள்ளிக்கிழமைகளில் பாலும் தேசிக்காய்ச் சாறும் விடு என்றார். கைக்கு அகப்பட்ட தோசைத் தட்டகப்பையால் கிண்டினேன். பதற்றத்தில் அதையும் சேர்த்து மூடிவிட்டேன் போல. மூன்று வருடத்துக்கு மேலாகப் பாலும் தேசிக்காய்ப் புளியும் குடித்த செம்பு பச்சை பிடிக்காமல் வேறென்ன செய்யும்?

இவரிடம் நான் மூச்சு விடவில்லை. சாமி, சாத்திரம் என்றால் பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஆள். தக்காளிக்குப் பால் நல்லது என்று சொல்லி வைத்திருந்தேன். இப்போது தகடு வெளியே வந்துவிட்டது. வருகிற புதன்கிழமை அவருக்கு இருதயப் பரிசோதனை. அதற்குள் திரும்பத் தாட்டாவிட்டால் ஏதும் நடந்துவிடுமோ என்று பயந்தேன்.

"இஞ்சேருங்கோ, எடுத்த இடத்திலையே வைச்சுவிடுங்கோ. மண்ணிலை கிடந்த சாமான் வீட்டுக்கு ஆகாது."

"உமக்கென்ன விசரே? இது நாப்பத்தேழாம் இலக்கம். சரித்திரமப்பா, சரித்திரம்!"

அன்றைக்கே படம் எடுத்து, பழம்பொருட்களைப் பதிகிற அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பினார். செவ்வாய்க்கிழமை மதாம் ஜோசியான் என்ற அதிகாரி வந்து இறங்கினார். இவரோடு வேலை செய்த சவிரிமுத்து அண்ணை சாட்சிக்கு வந்திருந்தார். அவர் ஏற்கெனவே நகரத்தின் மற்றப் பக்கத்து நோத்ர-டாம்-த-கிரேஸ் வரைக்கும் கதையைப் பரப்பிவிட்டார்.

மதாம் பேசியது பிரெஞ்சு. இவருக்குத் தெரிந்த பிரெஞ்சு பெட்டி, பாரம், கவனம், அவ்வளவுதான். நான் பிள்ளைகள் காப்பகத்துக் குசினியில் பிரெஞ்சுக்காரிகளோடு சமைக்கிறவள் என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

"முதல்லை இதைக் கேளும். வேட்டை ஆயுதம்தானே?" என்று இவர் இரும்பை நீட்டினார்.

மதாம் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏதோ சமையல் கரண்டி என்றார்.

"கரண்டியாம்" என்றேன்.

"வடிவாய்க் கேளும்!"

"வடிவாய்த்தான் கேட்டனான். தோசை பிரட்டுற தட்டகப்பையாம்."

"மதாமுக்குத் தோசையும் தெரியுமோ, தங்கச்சி?" என்றார் சவிரிமுத்து அண்ணை.

அடுத்தது சுருள். மதாம் கையுறை போட்டுக்கொண்டு தூக்கிப் பார்த்தார். கண் விரிந்தது. சுத்தம் செய்யாமல் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் ஆயிரம் வருடம் பழசாகவும் இருக்கலாம், ஆய்வுகூடத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

"ஒண்டுக்கும் உதவாதாம். தாட்டுவிடட்டாம்" என்று மொழிபெயர்த்தேன்.

"பிறகேன் பஞ்சு வைச்சுப் பெட்டியிலை போடுறா?" என்றார் இவர்.

பெட்டியின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். ஆறு மாதமா? புதன்கிழமை விடிந்தால் பரிசோதனை!

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டு ஒருக்காக் காட்டச் சொல்லும்" என்று இவர் என் கையை விலக்கினார்.

கேட்டேன். மதாம் சின்னத் தூரிகையால் பச்சையைத் துடைத்து, விளிம்பை மெல்ல விரித்தார். கீறல் கீறலாக ஏதோ தெரிந்தது. "எழுத்து! எனக்குத் தெரியாத எழுத்து!" என்றார்.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"யோ... கே... ந்திரன். கேட்டை நட்சத்திரம். தீர்க்காயுசு."



"யோகேந்திரன்," என்றார் சவிரிமுத்து அண்ணை, "பூர்வகுடியளுக்கு அப்பவே உம்மைத் தெரிஞ்சிருக்கு."

இவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அடக்க முடியவில்லை.

"ஓம், நான்தான் தாட்டனான்! ஒன்பது நாள் மூக்கிலை குழாயோடை கிடந்தீங்கள். நான் வேறை என்னத்தைச் செய்யிறது? இப்ப சிரிக்கிறதெண்டால் சிரியுங்கோ!"

அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டே மதாமுக்கும் எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னேன். அவர் ஏசப்போகிறார், வீண் அலைச்சல் என்று கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒரு படிவத்தை எடுத்தார். உலோகம், செம்பு. வருடம், 2004. புதைத்தவர் பெயரைக் கேட்டு எழுதினார். ஏன் என்று கேட்டார்.

"இந்த மனிசன் சாகக் கூடாது" என்றேன். அதையும் அப்படியே எழுதினார்.

"இருபது வருடமாக இந்தப் படிவத்தை நிரப்புகிறேன். யார் புதைத்தார், ஏன் புதைத்தார், இந்த இரண்டு இடமும் வெறுமையாகத்தான் இருக்கும். இன்றைக்குத்தான் நிரம்பியிருக்கிறது" என்றார். தேத்தண்ணி குடித்து, வடை இரண்டு சாப்பிட்டு, தகட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். சவிரிமுத்து அண்ணையும் கதை பரப்பப் புறப்பட்டார்.

இவர் தகட்டையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார்.

"குனியாதேங்கோ! நெஞ்சு!"

நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து தகட்டை முழங்காலில் வைத்து விரித்தார். சட்டைப்பையில் இருந்து துருப்பிடித்த ஆணி ஒன்றை எடுத்தார். அது முப்பத்தோராம் இலக்கம்.

"உம்மடை நட்சத்திரம் என்ன?"

"இருபத்தாறு வருசமாய்த் தெரியாதோ?" எனக்குக் கோபம் வந்தது.

"கொப்பியிலை பதியேல்லையப்பா."

"ரேவதி."

"பேரைச் சுருக்கிப் போடட்டோ? இடம் காணாது."

"ஒரு எழுத்தும் விடக் கூடாது" என்றேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயருக்குக் கீழே ஜெகதீஸ்வரி, ரேவதி என்று முழுதாகக் கீறினார். பிறகு, நான் கேட்காமலே, பக்கத்தில் தீர்க்காயுசு என்றும் போட்டார்.