குடை விலை ஏறிய காலை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும். சத்தியம், சத்தியம், மூன்றாவது தடவையும் சத்தியம்.

வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தையல்காரி கறுப்புக் கோட்டை நெஞ்சோடு அணைத்தபடி குடைக்கடைக் கூரையடியில் நின்றாள். எதிர்ச்சாரியில் வக்கீல் ஆபீஸ். பத்து மணிக்குள் கோட்டு நனையாமல் போய்ச் சேர்ந்தால் அந்த ஆபீஸின் வருஷத் தையல் அவளுக்கு. ஒரு சொட்டு பட்டாலும் சாயம் இறங்கிவிடும்.

கடை அவள் கொழுந்தனுடையது. பொருளாதாரப் புத்தகத்தில் முதல் மூன்று பாடம் மட்டும் படித்தவன்.

"குடை ஒண்ணு குடு தம்பி."

"முந்நூறு, அண்ணி."

"நேத்து நூறுதானேடா!"

"நேத்து வெயிலு. தேவை ஏறினா விலை ஏறும். என்னைத் திட்டாதீங்க, புத்தகத்துல கோடு போட்டே காட்டியிருக்கான்."

"கொண்டா அந்தக் கோட்டை. கத்தரிச்சு விட்டுடுறேன்."

அவள் பையில் இருந்தது இருநூற்றைம்பது. துழாவி எடுப்பதற்குள் விலை ஐந்நூறு ஆனது. திட்டி முடிப்பதற்குள் இரண்டாயிரம். உச்சந்தலை கொதித்தது. இவன் கல்யாணச் சட்டையைக் கூலி வாங்காமல் தைத்த கை இது!

விலை காதில் விழுந்ததும் தெருவில் போன குமாஸ்தா தன் குடையை மடக்கி, "ஆயிரத்தி தொள்ளாயிரம்!" என்று கூவினார். அடுத்து டாக்டர் மடக்கினார், டிராபிக் போலீஸ் மடக்கினார். விரித்த குடைக்கு மதிப்புக் குறையும் என்று ஒருவரும் விரிக்கவில்லை. இருநூறு குடைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இருநூறு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். எல்லாரும் விற்கிறவர்கள், வாங்க ஆளில்லை. விலை ஒரே மூச்சில் சரிந்து பூஜ்யத்தில் வந்து நின்றது.

"அண்ணி, சும்மாவே எடுத்துக்கங்க" என்றான் கொழுந்தன்.

"கெஞ்சினப்போ ரெண்டாயிரம், இப்போ பிச்சையா? உன் குடையை நீயே கட்டிக்கிட்டு அழு!"

விடுவிடுவென்று மழையில் இறங்கினாள். அவள் கோபத்தின் சூட்டில் சொட்டுகள் தலைக்கு ஒரு முழம் மேலேயே "சுர்ர்" என்று ஆவியாகின. பத்து மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது கோட்டு வக்கீல் மேஜையில் இருந்தது, இஸ்திரி போட்டது போல மொடமொடப்பாக. வருஷத் தையல் கைக்கு வந்தது.

வெளியே வந்தால் தெருவே பல்லைக் கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றது. முன்னால் கொழுந்தன்.

"அண்ணி, கொஞ்ச நேரம் பக்கத்துல நில்லுங்க. காஞ்சுக்கிறோம்."

அவனை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் இன்னும் அடங்கவில்லை.

"தேவை ஏறியிருக்கு தம்பி. ஆளுக்கு முந்நூறு. உனக்கு மட்டும் ரெண்டாயிரம்."

அந்தத் தெருவில் மழைச்சொட்டு தரையைத் தொட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது.